பல்பைக் கழற்றினால்தான் ரேடியோ

1

சீமைக்குக் கப்பலேறப் போகிற மதுரைக்காரர்களுக்கு என் விலாசம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. படிப்பு எப்படி, குளிர் எப்படி, சோறு கிடைக்குமா என்று ஆரம்பிக்கிற கடிதம் தவறாமல் ஒரே கேள்வியில் போய் முடியும்: "நம்மூர் இஸ்திரிப் பெட்டி அங்கே வேலை செய்யுமா? அங்கத்திய பிளக்குக்கு என்ன அடாப்டர் வாங்கிவர வேண்டும்?"

சோற்றைப் பற்றிய கேள்விக்கு ஒரு வரியில் பதில் போடுவேன். இதற்குப் பக்கம் பக்கமாக எழுதுவேன். பிளக்கைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, முட்களைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்து, "உங்கள் பிளக்கை இதன்மேல் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்புவேன். எனக்கு இதில் ஒரு பித்து. மின்சாரம் என்ற சொல்லைக் கேட்டாலே காது நிமிர்கிற ஜாதி நான்.

இந்த வாரமும் சிம்மக்கல்லிலிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போலப் பென்சிலை எடுத்தேன். ஒரு முள்ளைச் சுற்றி வந்த பிறகு கை ஓடவில்லை. இது ஆயுத பூஜை வாரம். வருஷா வருஷம் என் திருப்புளி, கொறடு, கம்பிச் சுருள் எல்லாவற்றையும் ஜன்னல் விளிம்பில் அடுக்கிப் பொட்டு வைப்பேன். எனக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "உன் ஆயுதங்களுக்கு அம்மை போட்டிருக்கிறதா?" என்பாள். இந்த வருஷம் சந்தனம் இழைக்கவில்லை.

ஆடியில் மதுரையில் அம்மா போய்விட்டாள். அவள் இருந்தவரை இதை நான் எழுதியிருக்க மாட்டேன். இனி எழுதலாம். சிம்மக்கல் தம்பிக்குச் சொல்ல வேண்டியதும் இதிலேயே இருக்கிறது.

யுத்தத்தின் நடுவில் ஒருநாள் லண்டன் ரேடியோவில் நான் பேசினேன். மதுரையில் இருந்த அப்பா அதைக் கேட்டாரா? அந்த ஒரு கேள்விதான் விஷயம்.

2

முதலில் தம்பி கேட்டதற்குப் பதில்.

லண்டனைத் தம்பி ஒரே ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. மின்சார விஷயத்தில் இது கிராமங்களின் கூட்டம். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கம்பெனி, ஒரு வோல்டேஜ், ஒரு அளவு முள். உருண்டை முள், தடித்த முள், இரண்டு முள், மூன்று முள். வீடு மாற்றுகிறவன் பெட்டி படுக்கையோடு பிளக்கையும் மாற்ற வேண்டும். என் மேஜை இழுப்பறையில் அரிசி மூட்டையில் கல் கிடப்பதுபோல் அடாப்டர்கள் கிடக்கின்றன.

அதைவிடப் பெரிய கூத்து, ஒரு தெருவில் ஏ.ஸி., அடுத்த தெருவில் டி.ஸி. ஏ.ஸி. என்பது முன்னும் பின்னும் ஊஞ்சலாடுகிற மின்சாரம். டி.ஸி. வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரே பக்கம் போவது. நம் மதுரைக்கு வந்தது ஏ.ஸி.

கல்லூரிக் காலத்தில் லாபரட்டரியில் நானே கட்டிய ரேடியோ ஒன்றைப் பழைய பட்டு வேட்டியில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு கப்பலில் வந்தேன். வந்த முதல் சனிக்கிழமை அதைப் பிளக்கில் மாட்டப் போனால் முள் நுழையவில்லை. ஓடினேன் கடைக்கு. கடைக்காரர் அழகான அடாப்டர் ஒன்று கொடுத்தார். ஒரு பக்கம் நம்மூர் முள்ளை வாங்கிக்கொள்ளும். மறுபக்கம் இந்தச் சுவருக்குப் பொருந்தும். மாட்டினேன். 'டக்'கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்டபோது, சீமை என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன்.

சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு தார் உருகுகிற நாற்றம். பிறகு புகை.

வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "இந்தத் தெருவில் டி.ஸி. ஆயிற்றே, அப்பா."

"நீங்கள் சொல்லவே இல்லையே?"

"நீ கேட்கவே இல்லையே!"

உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மர் கரிக்கட்டையாகிவிட்டது. தம்பி, பாடம் இதுதான்: அடாப்டர் முள்ளை மட்டுமே மாற்றும். உள்ளே ஓடுவதை அது மாற்றாது. முள் பொருந்திவிட்டதே என்று சந்தோஷப்பட்டுச் சுவிட்சைப் போட்டுவிடாதே.

அப்பாவுக்கு இதை எழுதியபோது, "ஆழம் தெரியாமல் காலை விடுவதற்கா அவ்வளவு தூரம் போனாய்?" என்று பதில் வந்தது. பின்குறிப்பாக இன்னொரு வரி: "புது செட் கட்டும்போது படம் போட்டு எனக்கும் எழுது."

3

அப்பா தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க். தெற்கு மாசி வீதிக்குள் ஒரு சந்தில் எங்கள் வீடு. சந்துக்குள் கரண்ட் வந்தபோது மற்றவர்கள் எல்லாம் முந்திக்கொண்டு இழுத்தார்கள். அப்பா மட்டும் தயங்கினார்.

"கரண்டும் மாமனார் வீடும் ஒண்ணுடா. தள்ளி நிக்கிற வரைக்கும்தான் மரியாதை."

"ஆமா, எங்கப்பா வீட்டுல உங்களுக்கு மரியாதை கொறைஞ்சு போச்சாக்கும்!" என்று அடுப்படியிலிருந்து அம்மா.

கடைசியில் விளக்குக்கு மட்டும் கனெக்ஷன் வாங்கினார். டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்த இஸ்மாயில் பாய்தான் ஒயர் இழுத்தார். கூடத்தின் நடுவில் தொங்குகிற பல்பு, அடுப்படியில் ஒன்று, மாடியில் என் அறையில் ஒன்று. சுவரில் பிளக் பாயிண்ட் என்று ஒன்று கிடையாது. "எதுக்கு? ராவைக்கு வெளிச்சம் வேணும். அம்புட்டுத்தானே?" என்றார் அப்பா.

யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் கையில் சேர்ந்த காசுக்கு நல்லதொரு ரேடியோ வாங்கி, ஊருக்குத் திரும்பிய திருமங்கலத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். இந்தத் தடவை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஏ.ஸி. செட். மதுரை வோல்டேஜுக்குத் திருப்பி வைத்தது. பிளக் பாயிண்ட் இல்லாத வீடாயிற்றே என்று, பல்பு மாட்டுகிற ஹோல்டரிலேயே செருகக்கூடிய அடாப்டர் ஒன்றும் வைத்தேன். அதன் தலை பல்பின் அடிப்பாகம் மாதிரியே இருக்கும். வாலில் ரேடியோவின் பிளக் போகும். பிளக்கின் முள்ளைக் காகிதத்தில் பென்சிலால் சுற்றி வரைந்து, எது எதற்குள் போகும் என்று அம்புக்குறி போட்டு அனுப்பினேன்.

என் தங்கை கோமதி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. அவளிடமிருந்து கடிதம் வந்தது: "அண்ணே, உன் ரேடியோ பாடுகிறது. ஆனால் கூடத்துப் பல்பைக் கழற்றினால்தான் ரேடியோ. பாட்டு வேண்டுமா, வெளிச்சம் வேண்டுமா என்று தினமும் வீட்டில் ஓட்டெடுப்பு நடக்கிறது. அப்பா எப்போதும் பாட்டுப் பக்கம். இருட்டில் நாங்கள் மூன்று பேரும் திருடர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம்."

கழற்றிய பல்பை அப்பா கீழே வைக்க மாட்டாராம். யாராவது மிதித்துவிடுவார்கள் என்று துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாராம். ரேடியோ நிற்கிறவரை கை அதன் மேலேயே இருக்குமாம்.

இங்கே குளிர் அறையில் உட்கார்ந்து அதை வாசித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

4

யுத்தம் வந்தது. கடிதங்கள் கப்பலோடு கடலில் மூழ்க ஆரம்பித்தன. அப்போது ரேடியோ நிலையத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். இங்கே அகப்பட்டுக்கொண்ட மாணவர்கள் தங்கள் பாஷையிலேயே வீட்டாருக்குச் சில வார்த்தை பேசலாம். எனக்குக் கிடைத்த நாள், நம்மூர்க் கணக்கில் விஜயதசமி சாயங்காலம். உடனே அப்பாவுக்குத் தந்தி அடித்தேன்.

பேசப்போவதை முன்கூட்டியே தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸ், ஒரு முத்திரைக்கு மேல் இன்னொரு முத்திரை. தணிக்கை அதிகாரி பென்சிலோடு வாசித்தார். "இங்கே பனியும் தூறலுமாக இருக்கிறது, எனக்குச் சளி பிடித்திருக்கிறது" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டார்.

"ஐயா, என் சளியிலுமா ராணுவ ரகசியம்?"

"உன் சளியில் இல்லை. அது வந்த வானிலையில்."

மீதியைப் படித்தார். அதில் அவர் கை வைக்கவில்லை. அந்த மீதிதான் என் உயிர் போகிற விஷயம். படிப்பு முடிந்துவிட்டது. மின்சார மீட்டர் சோதிக்கிற கம்பெனி ஒன்றில் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார்கள். எனக்குப் பிடித்த வேலை. ஆனால் அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பது ஒன்றுதான்: "எப்போது வருகிறாய்?" இங்கேயே இருந்துவிடப் போகிறேன் என்று எழுதிப் பார்த்தேன். காகிதத்தில் அது ராஜினாமாக் கடிதம் மாதிரி இருந்தது. கிழித்தேன். குரலில் சொன்னால் என் மனசும் கூடவே போய்ச் சேரும் என்று தோன்றியது.

ஆகவே மைக்கின் முன் இப்படிச் சொன்னேன்: "அப்பா, அம்மா, கோமதி, சுந்தரம் பேசுகிறேன். நலமாக இருக்கிறேன். இங்கே நல்ல வேலை கிடைத்திருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகும் இங்கேயே இருந்துவிடலாமா என்று மனசு சொல்கிறது. அப்பா, வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும், வந்துவிடுகிறேன். எழுதாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்."

சிவப்பு விளக்கு அணைந்தது. அடுத்த பையன் பஞ்சாபியில் பேச உள்ளே போனான். நான் வெளியே வந்து மூக்கைச் சிந்தினேன்.

மார்கழி வாக்கில் அப்பாவின் கடிதம் வந்தது. "உன் குரல் கேட்டேன். தெளிவாக இருந்தது. ஆனால் சளி பிடித்திருக்கிறது. மிளகைத் தட்டிப் பாலில் போட்டுக் குடி. அம்மாவும் கோமதியும் சௌக்கியம்."

அவ்வளவுதான். வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேண்டாம் என்றும் இல்லை, சரி என்றும் இல்லை. ஆனால் அடித்துவிட்ட சளியைக்கூட என் குரலிலிருந்து பிடித்துவிட்டாரே! அவ்வளவு கூர்மையாகக் கேட்டவர் மற்றதைக் கேட்காமலா இருந்திருப்பார்? கேட்டுவிட்டு, பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறார். அவர் குணம் அதுதான். நான் அழுதேன். மறுநாள் போய் வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

மாசியில் தந்தி வந்தது. காய்ச்சலில் படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. சிவிலியன்களுக்குக் கப்பல் இல்லை. கொள்ளி வைக்கவும் நான் இல்லை.

அதன்பின் வந்த வருஷங்களில் என்னைத் தாங்கியது ஒன்றுதான்: அப்பா என் குரலைக் கேட்டார், கேட்டு என்னை என் வழியில் விட்டுவிட்டார்.

5

யுத்தம் முடிந்து, இடம் கிடைத்த முதல் கப்பலில் போனேன். கோமதி கல்யாணமாகி உள்ளூரிலேயே இருந்தாள். அவளுக்காக ஒரு சீமை இஸ்திரிப் பெட்டி வாங்கிப் போயிருந்தேன். அம்மா மெலிந்திருந்தாள். கூடத்து மூலையில் ரேடியோ பச்சைத் துணி போர்த்தி இருந்தது.

"என்னம்மா, கேக்குறதில்லையா?"

"எனக்கென்னப்பா தனியா உக்காந்து கேக்குறது? அவுக போனப்பறம் தொடலை."

எனக்குக் கை சும்மா இருக்குமா? மறுநாள் சாயங்காலமே துணியை எடுத்தேன். தூசி தட்டினேன். ஸ்டூலில் ஏறிப் பல்பைக் கழற்றிக் கோமதியிடம் கொடுத்துவிட்டு, ரேடியோவின் ஒயரைப் பிடித்து இழுத்து, அதன் நுனியில் இருந்த அடாப்டரை எடுத்தேன்.

அதன் தலையில், ஹோல்டருக்குள் போய்த் தொடவேண்டிய இடத்தில், ஈயத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள் இருக்கும். மின்சாரம் உள்ளே வருவது அந்த இரண்டு வழியாகத்தான். இரண்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவற்றின் மேல் காய்ந்து பொருக்குத் தட்டிய சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

"அம்மா, இது என்ன?"

"அதுவா? ஆயுத பூசைக்கு வச்சது. அந்த வருசம் நீ ரேடியோவுல பேசப்போறேன்னு தந்தி வந்துச்சுல்ல? சாமி மாதிரி நடுவுல வச்சுப் பூசை பண்ணோம். பெட்டிக்குப் பொட்டு வைக்கப் போனா, 'ஏய், வார்னிசு போயிரும்டி, தள்ளு'ன்னு உங்கப்பா சத்தம் போட்டாக. பொட்டு வைக்காம எப்படிப்பா விடுறது? நீ பேசப்போற சாமான். அதான் மறைவா இந்தக் குமிழுக்கு வச்சேன். ரெண்டு கண்ணு மாதிரி இருந்துச்சு. ரெண்டு கண்ணுக்கும் வச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பாவை ஏமாற்றிய சிரிப்பு.

நான் ஸ்டூலில் நின்றபடியே கேட்டேன். "பூசைக்கு மறுநாள்தானேம்மா நான் பேசினேன்? அதுக்கு நடுவுல ரேடியோ போட்டீகளா?"

"பூசையில வச்சதை எப்படி எடுக்குறது? விஜயதசமி அன்னைக்குச் சாயந்தரந்தான் எடுத்தோம்."

"எடுத்து?"

அம்மா கோமதியைப் பார்த்தாள். கோமதி கையிலிருந்த பல்பைப் பார்த்தாள்.

"சொல்லிரும்மா. இனி என்ன இருக்கு?" என்றாள் கோமதி. பிறகு அவளே சொன்னாள்.

"சந்து முழுக்க நம்ம கூடத்துலதாண்ணே. எதுத்த வீட்டு வாத்தியாரு, பால்காரரு, எல்லாரும். அப்பா பல்பைக் கழட்டி அடாப்டரை மாட்டுனாக. ஒரே இருட்டு. எப்பவும் ரேடியோ முகத்துல மஞ்சளா வெளிச்சம் வரும்ல, அது வரலை. திருப்பித் திருப்பி மாட்டுனாக. வாத்தியாரு, 'என்ன சார், லண்டன்ல கரண்டு போயிருச்சா?'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாக. 'யுத்தம்யா, அவன் ஸ்டேசன்லயே கோளாறு போல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க'ன்னு அனுப்பிட்டாக."

"பாயைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"பாய் ஒரு கல்யாண வீட்டுக்கு லைட்டுப் போட காரைக்குடிக்குப் போயிருந்தாரு. எல்லாரும் போனப்பறம் அப்பா மட்டும் ரேடியோகிட்டயே உக்காந்திருந்தாக. மடியில பல்பு. முன்னாடி துணி இருக்குல்ல, சத்தம் வர்ற துணி, அதுல காதை வச்சுக்கிட்டு. நீ பேசி முடிக்கிற நேரம் தாண்டுற வரைக்கும். நாங்க கூப்பிடலை. அப்பறம் எந்திரிச்சுப் பல்பை மாட்டுனாக. பளிச்சுன்னு எரிஞ்சுச்சு."

எரியத்தான் செய்யும். பல்பின் கண்களில் யாரும் சந்தனம் வைக்கவில்லை.

"கேட்டுச்சுன்னு எனக்கு எழுதியிருந்தாரே!"

இப்போது அம்மா பேசினாள். "நாங்க கேக்கலைன்னு தெரிஞ்சா நீ அங்கன தனியா உக்காந்து அழுவேன்னாக. 'பய ஆசையா அனுப்புன சாமான், பழுதாப் போச்சுன்னு அவன் காதுக்குப் போகக் கூடாது. பாய்கிட்டயும் காட்டாதீக, அவரு அவனுக்கு எழுதிருவாரு'ன்னாக. அன்னைக்குப் போத்துன துணிதான் அது."

"சளி பிடிச்சிருக்குன்னு எழுதினாரேம்மா! நான் அதைச் சொல்லவே இல்லை. எனக்கு நெசமாவே சளி பிடிச்சிருந்துச்சு!"

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"பொரட்டாசி காத்துக்கு உனக்கு எந்த வருசம்ப்பா சளி பிடிக்காம இருந்துச்சு? பொறந்ததுல இருந்து அப்படித்தானே?"

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். கோமதி கை நீட்டினாள். அவளும் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவள். அடாப்டரை வாங்கிப் பார்த்தாள். சந்தனத்தை நகத்தால் லேசாகத் தொட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துகொண்டுவிட்டாள்.

"ஏண்டி, அந்தக் குமிழுல ஏதும் கோளாறா?" என்றாள் அம்மா.

"குமிழுக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கு," என்றாள் கோமதி. "அண்ணன் சொல்ற மாதிரி ஸ்டேசன் கோளாறுதான்."

நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. "ஆமாம்மா," என்றேன்.

பல்பை மாட்டினோம். கூடம் வெளிச்சமானது. அம்மா பச்சைத் துணியை உதறி மறுபடி ரேடியோவைப் போர்த்தினாள். போர்த்திக்கொண்டே, எந்த யோசனையும் இல்லாமல் கேட்டாள்:

"அன்னைக்கு என்னப்பா பேசுன? அவுக சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாக. 'என்ன சொல்லியிருப்பான், என்ன சொல்லியிருப்பான்'னு. எப்ப வாரேன்னு சொல்லியிருப்பான்னுதான் சொல்லுவாக."

"ஆமாம்மா," என்றேன். "சீக்கிரம் வாரேன்னுதான் சொன்னேன்."

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் அம்மா திருப்தியோடு.

6

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போய் இஸ்மாயில் பாயைப் பார்த்தேன். தாடி வெளுத்திருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டார். டீ வரவழைத்தார்.

"தம்பி, மாடி பாயிண்டு எப்படி இருக்கு? சரியா உக்காருதா?"

"எந்தப் பாயிண்டு, பாய்?"

"என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க? உங்க அத்தா எம்புட்டுப் படுத்துனாரு தெரியுமா? தசராவுக்கு அப்பறம் ஒருநாள் வந்தாரு. கையில ஒரு காகிதம். பென்சில்ல ரெண்டு வட்டம். 'பாய், இந்த முள்ளு அப்படியே பொருந்துற மாதிரி ஒரு பிளக் பாயிண்டு வேணும். மாடியில பையன் ரூம்ல போடணும்'னாரு. 'ஏன் சார், நீங்கதான் கரண்டும் மாமனார் வீடும்னு சொல்ற ஆளாச்சே'ன்னேன். 'அவன் வந்தா சீமைச் சாமானெல்லாம் கொண்டு வருவான்யா. நம்ம வீட்டுல வந்து அவன் பல்பைக் கழட்டிக்கிட்டு, அடாப்டர் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது'ன்னாரு. யுத்த நேரம், சாமான் கெடைக்கலை. நான் பம்பாய்க்கு எழுதி வரவழைச்சேன். வந்ததும் காகிதத்தை மேல வச்சு, ஒத்துப் பாத்துத்தான் வாங்கிக்கிட்டாரு. தைப் பொங்கலுக்கு முன்னாடி மாட்டிக் கொடுத்தேன். அல்லா அவருக்கு அதுக்கப்பறம் ஒரு மாசந்தான் வச்சிருந்தான்."

டீ ஆறிப்போனது. பாய் இன்னொரு டீக்குச் சொல்லப் போனார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

தசராவுக்கு அப்பறம். அதாவது, நான் பேசிய பிறகு. நான் வரப்போவதில்லை என்று கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்ட பெருந்தன்மையான அப்பா என்று ஒருவர் இல்லவே இல்லை. நான் வருவேன் என்று மாடியில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த அப்பாதான் இருந்தார்.

என் அறையில் அம்மா நெல் மூட்டைகளையும் பழைய அண்டாக்களையும் போட்டு வைத்திருந்தாள். வந்ததிலிருந்து நான் கீழேதான் படுத்திருந்தேன். இப்போது மேலே போய் ஒரு மூட்டையை நகர்த்தினேன். அதன் பின்னால், மேஜை இருக்கவேண்டிய இடத்துக்கு நேராக, கைக்கு எட்டுகிற உயரத்தில், கறுப்பாக, வட்டமாக, அது இருந்தது. ஒரு கீறல் இல்லை. யாரும் ஒருமுறைகூட எதையும் செருகியிராத பிளக் பாயிண்ட்.

கீழே இறங்கி, கோமதிக்கு இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்தேன். ரேடியோவுக்கு இருந்த அதே அளவு லண்டன் பிளக். அதற்கென்று ஒரு அடாப்டரும் பெட்டியில் வைத்திருந்தேன். அதை எடுக்கவில்லை. பிளக்கை நேராகச் சுவருக்குக் கொண்டுபோனேன். முள் இரண்டும் தடங்கலில்லாமல் உள்ளே போயின.

சுவிட்சைப் போட்டேன். பெட்டி மெல்ல மெல்லச் சூடேறியது. தேய்க்க நான் துணி எதுவும் எடுத்து வரவில்லை. அதன் மேல் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நெல் மூட்டைகளுக்கு நடுவில் நின்றேன்.

விளக்குக்கென்று இழுத்த மெல்லிய ஒயர். அத்தனை பாரத்தை அது தாங்காது. கூடத்துப் பல்பு மங்கியிருக்க வேண்டும். கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"வெளக்கு மங்குதே! மாடியில யாரு?"

"நான்தாம்மா," என்றேன்.

"யாரு? கேக்கலை!"

"நான்தாம்மா, சுந்தரம்," என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.